பிடித்த துணி

தெருவில் எல்லாருக்கும் அவள் ஸ்கேலம்மா. முதலில் முதுகுக்குப் பின்னால்தான் அப்படிச் சொன்னார்கள். நாளடைவில் முகத்துக்கு நேராகவே கூப்பிட்டார்கள், அவளும் திரும்பிப் பார்த்தாள். அதோடு பெயர் நிலைத்துவிட்டது. நாலு மாடிக் கட்டடத்தின் தரைத்தள வீட்டில், தெருவைப் பார்த்த முன்னறைதான் அவளுடைய தையல் அறை. கால்சட்டையின் உயரம் குறைப்பது, சட்டையைச் சின்னதாக்குவது, ஜன்னல் திரை தைப்பது என்று வேலைக்குக் குறைவில்லை. நூலளவு பிசகினாலும் பிரித்துவிட்டு மறுபடி தைப்பாள். "போதும்மா, யாரு பார்க்கப் போறா?" என்று கேட்டவர்களிடம், "நான் பார்த்துட்டேனே" என்பாள்.

வெட்டி விழுந்த மிச்சத்துணியில் போர்வை தைப்பதுதான் அவளுடைய ஆசை. அது யாரும் கேட்டுச் செய்கிற வேலை இல்லை என்பதால் அதில் அவள் வைத்ததே சட்டம். துண்டுகளை முதலில் துவைக்க வேண்டும். காய்ந்ததும் கஞ்சி போட்டு இஸ்திரி. பிறகு அட்டை வைத்து எல்லாவற்றையும் ஒரே அளவுச் சதுரமாக வெட்டி, நிறம் பார்த்து பிஸ்கட் டின்களில் அடுக்குவாள். வெளிர்நீலத்துக்கு ஒரு டின், அடர்நீலத்துக்கு ஒரு டின், இரண்டிலும் சேராத நீலத்துக்குத் தனியாக ஒன்று. மஞ்சள் அவளுக்கு ஆகாது. உள்ளங்கையைவிடப் பெரிய பூப்போட்ட துணியும் ஆகாது. துணி எந்த நிறமானாலும் நூல் மட்டும் சாம்பல் நிறம். அதுதான் எந்த நிறத்தோடும் சண்டை போடாது என்பாள். வெட்டும்போது யாரும் பேசக் கூடாது. ஒவ்வொரு போர்வைக்கும் ஊசி புதிது. ஒவ்வொரு இணைப்பையும் இரண்டு முறை தைப்பாள்.

"போர்வைக்கு எதுக்கு ரெண்டு தையல்? அது மேல லாரியா போகப் போகுது?" என்று ஒருமுறை அவள் கணவர் கேட்டார். அவர் லிஃப்ட் மெக்கானிக்.

"உங்க லிஃப்டுக்கு எத்தனை கயிறுங்க?"

அதற்கப்புறம் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

தைத்து முடித்ததும் போர்வையைத் தரையில் பரப்புவாள். நாற்காலி மேல் ஏறி நின்று, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்ப்பாள். அப்படிப் பார்த்தால் நிறங்கள் மங்கி, எது வெளிச்சம் எது இருட்டு என்பது மட்டும் தெரியும். எங்காவது ஒரு துண்டு துருத்திக்கொண்டு நின்றால் அன்றைக்குச் சோறு இறங்காது.

இப்படி அவள்பாட்டுக்கு இருந்த வீட்டுக்குத்தான் நாத்தனார் வந்து சேர்ந்தாள்.

கணவரின் தங்கை. பஸ் கண்டக்டர். இறங்குகிற படியில் கால் வழுக்கி, இடது காலில் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, மாவுக்கட்டோடு வந்தாள். கட்டுப் பிரிக்கும்வரை அண்ணன் வீட்டில் இருப்பதாக ஏற்பாடு. கட்டின காலைவிடப் பெரிதாக அவளோடு வந்தது ஒரு கோணிமூட்டை. பஸ் போகிற வழியில் எத்தனை தையல்கடை உண்டோ, எல்லாக் கடையிலும் அவளுக்குத் தோழமை. அவர்கள் கூட்டித் தள்ளுகிற துண்டுத்துணியை எல்லாம் வாங்கி டிரைவர் சீட்டுக்குப் பின்னால் திணித்துக்கொண்டு வருவாள். பஸ்காரர்கள் அவளுக்கு மூட்டை என்று பெயர் வைத்ததே அதனால்தான். அண்ணனும் அப்படித்தான் கூப்பிடுவார்.

ஆமாம், அவளும் ஒட்டுப்போர்வை தைக்கிறவள்தான். ஒரே வீட்டில் போர்வை தைக்கிற இரண்டு பேர் இருந்தால் நல்ல பொருத்தம் என்று அண்ணன் நினைத்தார். பாவம்.

முன்னறையில் கட்டில் போட்டு அவளை உட்கார வைத்த அன்றே ஸ்கேலம்மாவுக்கு வேர்த்துவிட்டது. மூட்டை கோணிக்குள் பார்க்காமலே கையை விடுவாள். எது வருகிறதோ அதை எடுத்து முன்னே தைத்ததோடு சேர்த்து மெஷினில் ஓட்டுவாள். துவைப்பதில்லை. இஸ்திரி கிடையாது, நகத்தால் ஒரு கீறு. அளவு கிடையாது, கோணலாக இருந்தால் கோணலாகவே. தைத்துக்கொண்டே பாடுவாள். டீ டம்ளரை மெஷின் மேலேயே வைப்பாள். பாக்கெட்டோடு ஒரு சட்டைத்துண்டு வந்தால் அந்தப் பாக்கெட் போர்வையிலும் இருக்கும், பொத்தான் உட்பட.

"அந்த மஞ்சளைத் திருப்பிப் போடேன். சிவப்பு பக்கத்துல கண்ணைக் குத்துது" என்றாள் ஸ்கேலம்மா.

"ஐயோ, கையில வந்ததைத் திருப்பிப் போடவே மாட்டேன் அண்ணி. பஸ்ஸுல ஏறினவங்களை மூஞ்சி சரியில்லைன்னு இறக்கி விடுவேனா? ஏறியாச்சா, நகர்ந்து உட்காருன்னு சொல்ல வேண்டியதுதான்."

"இது பஸ்ஸில்லை. போர்வை."

"ரெண்டுலயும் கூட்டம்தானே."

மெஷின் ஒன்றுதான். மோட்டார் வைத்தது. "இடது கால்தானே கட்டுல இருக்கு, வலது கால் சும்மாத்தானே இருக்கு" என்று மூட்டை அதையும் பங்கு போட்டுக்கொண்டாள். காலையில் ஸ்கேலம்மாவுக்கு, பத்து மணிக்கு மேல் மூட்டைக்கு, சாயங்காலம் மறுபடி ஸ்கேலம்மாவுக்கு. மதியம் சாப்பிட்டதும் மாத்திரை மயக்கத்தில் மூட்டை தூங்கிப்போவாள். மெஷின் மேல் அவளுடைய போர்வை பாதியில் தொங்கிக்கொண்டிருக்கும். நீள நீளத் தையல், இழுத்தால் பல்லைக் காட்டுகிற மாதிரி. ஸ்கேலம்மா அதைப் பார்க்காமல் இருக்க முயன்றாள். திரையைப் போட்டு மூடினாள். துணியை மூடினால் போதுமா, மனசை எதைப் போட்டு மூடுவது? கடைசியில் ஒரு மதியம் சத்தமில்லாமல் உட்கார்ந்து, நாத்தனாரின் இணைப்பு ஒவ்வொன்றின் மேலும் சின்னத் தையலாக மறுதையல் ஓட்டினாள். மறுநாளும் அப்படியே. துண்டுகளை இடம் மாற்றவில்லை. அந்த மஞ்சள்களைக் கூடத் தொடவில்லை. தையல் மட்டும்தான்.

ஒரு வாரம் கழித்து மூட்டை கண்டுபிடித்துவிட்டாள்.

"அண்ணி, இந்த சாம்பல் நூல் எங்கே இருந்து வந்துச்சு? நான் வெள்ளையில்ல போட்டேன்?"

ஸ்கேலம்மா திருதிருவென்று விழித்தாள்.

"என் தையல் மேல நீங்க தையல் போடுறீங்களா? தூங்குறவ மூஞ்சியில மீசை வரையுற மாதிரி?"

"பிரிஞ்சிடும்மா. நாலு தடவை துவைச்சா பிரிஞ்சிடும். என்னால பார்த்துக்கிட்டு இருக்க முடியலை."

அன்று பகல் முழுக்கப் பேச்சு இல்லை. அண்ணன் வேலை முடிந்து வந்து, இரண்டு முகத்தையும் பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றாமலே வெளியே போய்விட்டார். மறுநாள் காலை மூட்டையே போர்வையை எடுத்து ஸ்கேலம்மாவின் மடியில் போட்டாள். "ஒளிஞ்சு ஒளிஞ்சு எதுக்கு? பகல்லயே தைங்க. ஆனா பஞ்சு வச்சுக் கையால தைக்கிறது என் இஷ்டம். அதுல வாயைத் திறக்கக் கூடாது."

அப்படித்தான் அது இருவர் போர்வை ஆனது. மேலே ஒட்டுத்துணி, நடுவே பஞ்சு, கீழே ஒரு பழைய கெட்டித் திரைத்துணி. மூன்றையும் சேர்த்து மூட்டை மெத்தை தைக்கிற நூலால் ஓடுதையல் போட்டாள். நெருக்கமாக, ஏர் உழுத மாதிரி, வரிக்கு வரி. விரல்நுனி புண்ணாகியும் விடவில்லை. "கட்டுல கிடக்குற காலுக்குப் பதிலா கையாவது நடக்கட்டுமே" என்பாள். ஸ்கேலம்மா வாயைத் திறக்கவில்லை. ஆனால் அந்த வரிகளை விரலால் தடவிப் பார்த்தபோது, இவள் எதிலுமே அக்கறை இல்லாதவள் என்று தான் நினைத்தது தப்போ என்று ஒரு எண்ணம் வந்து போனது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போர்வை முடிந்தது. இரட்டைக் கட்டிலுக்கும் மேலே தொங்குகிற அளவு. வீட்டுத் தரையில் விரிக்க இடம் போதவில்லை. நாற்காலி மேல் ஏறியும் ஸ்கேலம்மாவால் முழுசாகப் பார்க்க முடியவில்லை.

"தெருவுக்குக் கொண்டு போவோம். எதிர்ப்பக்கம் நின்னு பார்க்கிறேன்" என்றாள்.

விடுமுறை நாள், தெருவில் வண்டி இல்லை. கணவரும், தள்ளுவண்டியில் துணி தேய்த்துக்கொண்டிருந்த இஸ்திரிக்காரரும் ஆளுக்கொரு முக்காலி மேல் ஏறி மேல்மூலைகளைத் தூக்கிப் பிடித்தார்கள். கீழ்மூலை ஒன்றைப் பள்ளி வேன் டிரைவர் பிடித்தார். இன்னொன்றை, ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, மூட்டை. நால்வருக்கும் முதுகுப்புறம் அவர்கள் குடியிருந்த கட்டடம். ஸ்கேலம்மா தெருவைக் கடந்து எதிர்ச்சுவரோரம் போய் நின்று திரும்பினாள். கண்ணைப் பாதி மூடினாள்.

கோணலும் மாணலுமாக, பாக்கெட்டும் பொத்தானுமாக, அவள் வெறுத்த அத்தனை மஞ்சளும் சேர்ந்து, அந்தத் துணி காலை வெயிலில் எரிந்தது. எங்கே பார்த்தாலும் கண் நிற்கவில்லை, போய்க்கொண்டே இருந்தது. ஆற்றில் வெள்ளம் வரும்போது கரையில் நின்று பார்க்கிற மாதிரி. தன் வாழ்நாளில் தான் தைத்த ஒரு போர்வைகூட இப்படி உயிரோடு இருந்ததில்லை என்று அவளுக்குப் பட்டது.

"எப்படி இருக்கு?" என்று மூட்டை கத்தினாள்.

பதில் சொல்லத்தான் கண்ணைத் திறந்தாள். திறந்த கண்ணில், போர்வைக்கு மேலே, மூன்றாவது மாடியில், பால்கனிக் கம்பிக்கு வெளியே இருந்த குழந்தை பட்டது.

மருந்துக்கடைக்காரரின் மகள். பட்டாணி என்று கூப்பிடுவார்கள். இன்னும் மழலை மாறாத வயசு. பால்கனியில் கிடந்த ஸ்டூலில் ஏறி, கம்பியைத் தாண்டி, வெளியே நீட்டிக்கொண்டிருந்த வெயில்மறைப்புப் பலகையில் உட்கார்ந்து, கீழே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு காலில் செருப்பு இருந்தது, மறுகாலில் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக விளிம்புக்கு நகர்ந்துகொண்டிருந்தாள்.

கத்தினால் குழந்தை திடுக்கிடும். ஓடினாலும் மாடி ஏறுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். கீழே நிற்கிறவர்கள் யாரும் மேலே பார்க்கவில்லை. பார்த்தால் கத்துவார்கள்.

அவள் வழக்கமான குரலில் சொன்னாள். அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று பின்னால் எத்தனை முறை யோசித்தும் அவளுக்குத் தெரியவில்லை.

"எல்லாரும் கொஞ்சம் பின்னாடி போங்க. துணியை விடாம."

"வெளிச்சம் சரியில்லையா?" என்றார் கணவர்.

"ஆமா. முக்காலியை விட்டு இறங்குங்க. போர்வையைப் படுக்க வச்ச மாதிரி பிடிங்க. நாலு மூலையும் நெஞ்சு உயரத்துக்கு."

"ஆரம்பிச்சுட்டாங்கய்யா ஸ்கேலம்மா" என்று வேன் டிரைவர் சிரித்தார். ஆனாலும் செய்தார். அவள் சொன்னால் தெருவில் எல்லாரும் செய்வார்கள். செய்யாவிட்டால் அவள் விடமாட்டாள் என்று தெரியும்.

"இன்னும் பின்னாடி. சுவரோரம் வரைக்கும். என்னையே பாருங்க. இஸ்திரி அண்ணே, ரெண்டடி வலப்பக்கம். போதும். மூலையைக் கையில ஒரு சுத்து சுத்திக்கோங்க. இறுக்கி இழுங்க. இன்னும்."

சொல்லிக்கொண்டே தெருவைக் கடந்து வந்தாள். ஓடவில்லை. மூட்டை மட்டும் அவள் முகத்தையே பார்த்தாள். பஸ்ஸில் நாள் முழுக்க முகங்களைப் பார்த்தே பிழைத்தவள் அல்லவா. சிரிப்பு மூட்டையின் உதட்டிலிருந்து போய்விட்டது. துணியைக் கையில் சுற்றிக்கொண்டு, ஒற்றைக் காலில் தத்திப் பின்னால் போய், முதுகைச் சுவரில் முட்டுக் கொடுத்தாள்.

அந்த நேரத்தில்தான், பால் பொங்குகிறதென்று அடுப்படிக்குப் போயிருந்த மருந்துக்கடைக்காரர் பால்கனிக்கு வந்திருக்கிறார். அவர் போட்ட கூச்சல் தெருக்கோடி வரை கேட்டது. பட்டாணி அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். திரும்பினதும் சறுக்கினாள்.

ஸ்கேலம்மா போர்வையின் நடுவிளிம்பை இரண்டு கையாலும் பிடித்தது அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. மேலிருந்து வந்தது ஞாபகம் இல்லை. கை தோளோடு பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி ஓர் இழுப்பு, ஒரு பெரிய சத்தம், ஈரத்துணியைக் கல்லில் அறைந்தாற்போல. எல்லாரும் முன்னால் சரிந்தார்கள். மூட்டை மாவுக்கட்டோடு தரையில் மண்டியிட்டு விழுந்தாள். சுற்றின துணியை மட்டும் விடவில்லை. போர்வை பள்ளமாக இறங்கி, தரையை ஒரு கணம் தொட்டும் தொடாமலும் நின்று, மெல்ல மேலே எழுந்தது.

அதன் நடுவே பட்டாணி மல்லாக்கப் படுத்துக்கொண்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இஸ்திரிக்காரரின் வண்டியில் இஸ்திரிப்பெட்டி ஏதோ ஒரு சட்டையைக் கருக்கிக்கொண்டிருந்தது, அந்த வாசனை மட்டும் வந்தது. பிறகு குழந்தை, "செப்பு" என்றாள். இருந்த ஒரு செருப்பும் விழுகிற வேகத்தில் எங்கோ போயிருந்தது. அதற்கப்புறம்தான் அழத் தொடங்கினாள். அந்த அழுகையைக் கேட்டு வேன் டிரைவர் அப்படியே சாக்கடை விளிம்பில் உட்கார்ந்து தானும் அழுதார்.

ஆஸ்பத்திரியில் எல்லாச் சோதனையும் பண்ணிப் பார்த்தார்கள். கழுத்துப்பட்டை எலும்பில் ஒரு கீறல், வேறொன்றும் இல்லை என்றார்கள். மூட்டைக்குத்தான் மறுபடி கட்டுப் போட வேண்டியிருந்தது. "கட்டு பிரிஞ்சா என்ன, தையல் பிரியலையே" என்று டாக்டரிடமே சொன்னாளாம்.

அன்று சாயங்காலம் போர்வையை முன்னறைக் கட்டிலில் விரித்துப் போட்டு, ஸ்கேலம்மா இணைப்பு இணைப்பாகத் தடவிப் பார்த்தாள். ஒரே ஓர் இடத்தில் கிழிந்திருந்தது. பழைய பட்டுத்துண்டு ஒன்று. அதுவும் துணிதான் நடுவில் விட்டிருந்தது. சுற்றிலும் தையல் அப்படியே இருந்தது.

"நீங்க மேல தைச்சதாலதான் தாங்குச்சு அண்ணி" என்றாள் மூட்டை. காலை நீட்டிப் படுத்திருந்தாள்.

"இல்லை. என் போர்வையா இருந்தா எல்லா ஒட்டும் ஒரே கோட்டுல வரும். ஒரு இடத்துல விட்டா கோடு முழுக்க விட்டிருக்கும். உன்னுது எங்கேயும் கோடே இல்லை. கோணலா வச்சியே, அது. அப்புறம் அந்தக் கை ஓடுதையல்."

"பஞ்சா இருக்கும்" என்றார் கணவர். வாசலில் நின்று தன் உள்ளங்கையில் துணி அறுத்த கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இல்லைன்னா திரைத்துணி. எனக்குத் தெரியலை. கயிறு ஏன் அறுந்ததுன்னு கேட்டா சொல்லிடுவேன். ஏன் அறுந்துபோகலைன்னு யாரும் இதுவரைக்கும் என்னைக் கேட்டதில்லை."

ஸ்கேலம்மா கிழிந்த பட்டின் ஓரத்தை விரலால் நீவி விட்டாள். பிறகு மனசில் முள்ளாக நின்றதைச் சொன்னாள்.

"பட்டாணி எதுக்கு வெளியே வந்துச்சு தெரியுமா? இதைப் பார்க்கத்தான். கீழே கலர் கலரா விரிச்சுப் பிடிச்சோமே, அதை எட்டிப் பார்க்க வந்துச்சு. நாம இதைத் தெருவுக்குக் கொண்டு போகலைன்னா உள்ளேயே விளையாடிக்கிட்டு இருந்திருக்கும்."

மூட்டை கையை நீட்டி அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். குழந்தையை வெளியே இழுத்ததும் பிடித்ததும் அந்த ஒரே துணிதான். அவர்கள் இருவரும் அதைக் குனிந்து பார்த்தார்கள். யாரோ ஒருவரின் பள்ளிச்சீருடை, யாருடைய வீட்டுத் திரையோ, ஒரு நர்ஸின் மேலங்கி, பஸ் சீட்டின் ரெக்சின் ஓரம், கூட்டிப் பெருக்கிக் குப்பைக்குப் போக இருந்தவை. இவற்றைக் கையில் எடுத்தபோது தாங்கள் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று தங்களுக்கே தெரியவில்லையே என்று ஸ்கேலம்மாவுக்குத் தோன்றியது. அடுத்து வந்த நாட்களில் மெஷினில் உட்கார்ந்தாள், எழுந்தாள். கத்தரியை எடுத்துத் துணி மேல் வைக்கும்போது ஏனோ கையில் ஒரு மரியாதை வந்து சேர்ந்திருந்தது.

கொஞ்ச நாள் கழித்து மருந்துக்கடைக்காரர் பட்டாணியைத் தூக்கிக்கொண்டு வந்தார். தோளோடு சேர்த்துக் கட்டுப் போட்டிருந்தது. பால்கனிக்குக் கம்பிவலை அடித்தாயிற்று என்றார். கும்பிடப் போனவரின் கையை லிஃப்ட் மெக்கானிக் பிடித்துக்கொண்டு, "உட்காருங்க, உட்காருங்க" என்றார்.

"போர்வையை அவளுக்கே குடுத்துடுவோம் அண்ணி" என்றாள் மூட்டை. ஸ்கேலம்மா அதை மடித்தே வைத்திருந்தாள்.

பட்டாணி தரையில் இறங்கிப் போர்வை மேல் உட்கார்ந்தாள். கட்டில்லாத கையால் ஒவ்வொரு துண்டாகத் தொட்டாள். பாக்கெட்டுக்குள் விரலை விட்டாள், எடுத்தாள். கிழிந்த பட்டுக்கு வந்ததும் நின்றாள். அதை மட்டும் தைக்காமல் விட்டிருந்தார்கள். ஏன் என்று கேட்டால் இருவருக்குமே சொல்லத் தெரியாது.

"இது?" என்றாள்.

"நீ விழுந்த இடம்டா" என்றாள் ஸ்கேலம்மா.

குழந்தை அந்தக் கிழிசலைப் பார்த்தாள். அப்புறம் தன் கட்டைத் தொட்டுப் பார்த்தாள். மறுபடி கிழிசலை. முகம் சுருங்கிப் போயிற்று.

"வலிச்சுதா அதுக்கு?"

பட்டாணி அந்த அறையில் இருந்த நான்கு பெரியவர்களையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு குனிந்து, கிழிசலில் உதட்டை வைத்து, "ஊ" என்று ஊதிவிட்டாள்.